சொந்த மைதானம்

— முழங்காலா? போன மேட்ச்சுக்கு முதுகுன்னு சொன்னீங்களே மாமா.

— அங்கேருந்துதான் இறங்கி வந்திருக்கு. இப்படியே விட்டா அடுத்த மேட்ச்சுக்குள்ள கால் கட்டைவிரல் வழியா வெளிய போயிடும்.

— சிரிப்பு காட்டாதீங்க. வேனைப் பாதி பிளாட்பாரத்துல ஏத்தி நிறுத்திட்டு ஓடி வந்திருக்கேன். கீழ தெரு பூரா நம்ம டீம் ஆளுங்க, பச்சை சட்டையில நடந்து போறாங்க. நீங்க என்னடான்னா பனியனோட உக்காந்து இந்த தையல் மெஷினைக் குடைஞ்சுக்கிட்டிருக்கீங்க.

— இதைக் குடுத்த அம்மா நாளைக்குக் காலையிலயே வேணும்னு கேட்டிருக்காங்க. நூல் அந்து அந்து போகுதாம்.

— நாளைக்கு ஞாயித்துக்கிழமை.

— தையல்காரங்களுக்கு ஏது மாப்ள ஞாயிறு, திங்கள்? அந்த எண்ணெய்க் குப்பியை இப்படித் தள்ளு.

— குப்பியும் தள்ள மாட்டேன், ஒண்ணும் தள்ள மாட்டேன். சொல்றேன் கேளுங்க. நம்ம ஊர்ல இந்த சீசனுக்கு இதுதான் கடைசி ஃபுட்பால் மேட்ச். இன்னிக்குத் தோத்தா கீழ் டிவிஷனுக்கு இறங்கிடுவோம். இன்னிக்குப் போகாம என்னிக்குப் போறது?

— இறங்கட்டும். அங்கேயாவது நம்மள மாதிரி நாலு பேர் இருப்பாங்க, பேச்சுத்துணைக்கு.

— இதைப் போய் வெளிய சொல்லிடாதீங்க, அடி விழும்.

— வெளிய போனாத்தானே.

— அப்படி என்னதான் வெறுத்துப்போச்சு உங்களுக்கு? வாயத் தொறந்து சொல்லுங்களேன், நானும் தெரிஞ்சுக்கறேன்.

— ஒண்ணா ரெண்டா? முதல்ல அந்த பிளாஸ்டிக் நாற்காலி. முன்னாடி சிமெண்ட் படியா இருந்துச்சு. இஷ்டத்துக்கு நகர்ந்துக்கலாம், அசதியா இருந்தா பக்கத்து ஆள் மேல சாஞ்சுக்கலாம். இப்ப நம்பர் போட்டு ஆளுக்கொரு கிண்ணம் வச்சிருக்கான். மழை பேஞ்சா நமக்கு முன்னாடி தண்ணி வந்து உக்காந்திருக்கு.

— அதுக்குத்தான் நான் துண்டு கொண்டு வர்றேனே!

— உன் துண்டு அதைவிட ஈரம். அப்புறம் அந்த ஸ்பீக்கர். கோல் விழுந்து நாம வாயத் தொறக்கறதுக்குள்ள பாட்டைப் போட்டுடறான். நாம கத்துனமா இல்லையான்னு நமக்கே சந்தேகமா இருக்கு.

— சரி, ஸ்பீக்கர் கொடுமைதான். ஒத்துக்கறேன்.

— ஆடற பசங்களாவது நம்ம பசங்களா? எல்லாம் இரவல். மூணு மாசத்துக்கு ஒருத்தன் வர்றான், அவன் பேரு நாக்குல பழகறதுக்குள்ள வேற டீமுக்குப் போய் நம்ம வலையிலயே ஒண்ணு போட்டுட்டுப் போறான்.

— ஏணி இருக்கான்ல? சோப்பு இருக்கான்ல? அவங்க நம்ம பசங்க இல்லையா?

— ஏணிக்கு முட்டி போச்சு. என்னை மாதிரி. சோப்பு இன்னும் கோல் காக்கறான்னா, அவன் நல்லா காக்கறான்னு அர்த்தமில்ல. வேற யாரும் அந்த இடத்துக்கு வரல, அவ்ளோதான்.

— போன மேட்ச்சுல மூணு பந்து பிடிச்சான் மாமா. மூணும் கையில நின்னுச்சு! பக்கத்துல சொல்றதுக்கு ஆள் இல்லாம, பின்னாடி இருந்த யாரோ ஒருத்தர் தொடையில தட்டிட்டேன். அவர் என்னை முறைக்கறாரு.

— மூணா? ரெண்டுன்னு நினைச்சேன்.

— என்னது?

— ஒண்ணுமில்ல. பேப்பர்ல ரெண்டுன்னு போட்டிருந்தான்.

— பேப்பர்காரனுக்கு என்ன தெரியும்? எழுந்திருங்க. இந்தாங்க சட்டை.

— நீ சின்னப் பையனா இருக்கும்போது உன்னைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டுப் போவேன், ஞாபகம் இருக்கா? எனக்கு கண்ணுமுன்னாடி உன் கால் ரெண்டும் ஆடிக்கிட்டிருக்கும், அது நடுவுல பந்தைப் பாக்கணும்.

— அதனாலதான் இன்னிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்.

— இன்னிக்கு நீ முன்னாடி நின்னா பந்து என்ன, மைதானமே தெரியல. வேன்ல உக்காந்து உக்காந்து அகலம் மட்டும் வளர்ந்திருக்க.

— எவ்ளோ வேணா திட்டுங்க. திட்டிக்கிட்டே சட்டைப் பட்டனைப் போடுங்க.

— விடு மாப்ள. அசதியா இருக்கு.

— எதனால அசதி? கடையை மத்தியானமே சாத்திட்டீங்க. சாப்பிட்டீங்க. தூங்கி எழுந்த முகம் மாதிரிதான் இருக்கு.

— வேலை செஞ்ச அசதி இல்ல இது. எப்படிச் சொல்றது... ஒரு விஷயத்துக்கு ஆசைப்படறதே பெரிய வேலையா இருக்கு. முன்னாடியெல்லாம் வியாழக்கிழமையே ஆரம்பிச்சுடும். மெஷினைப் பிரிச்சுப் போட்டுட்டு, யாரு ரைட்டுல ஆடுவான், யாரை உக்கார வைப்பான்னு யோசிச்சுக்கிட்டிருப்பேன். இப்ப சனிக்கிழமை நீ வந்து கதவைத் தட்டும்போதுதான், ஓ, இன்னிக்கு மேட்ச்சான்னு தோணுது.

— அக்கா கண்ணை மூடினதுலேருந்து நீங்க இப்படித்தான் இருக்கீங்க. வருஷமாகப் போகுது.

— அவளை எதுக்கு இதுல இழுக்கற?

— இழுக்கல. அக்காவுக்கும் மேட்ச்சுக்கும் என்ன சம்பந்தம்? அவ வந்ததே ஒரே ஒரு தடவை. அதுலயும் பாதியில எழுந்து வீட்டுக்குப் போலாம்னு நின்னா. அவ மேட்ச்சுக்காக உங்களைத் திட்டாத நாள் உண்டா? அவ இல்லன்னா நீங்க இன்னும் நிம்மதியால்ல வரணும்... சே. தப்பா வந்துடுச்சு மாமா. நான் அப்படிச் சொல்ல வரல.

— தெரியும். விடு.

— வாய் முந்திக்கிச்சு.

— விடுங்கறேன்ல. அவ தம்பி வேற எப்படிப் பேசுவ? குடும்பத்துக்கே பிரேக் கிடையாது.

— சரி, மேட்ச்சுக்குக்கூட வர வேண்டாம். சீட்டு விஷயத்துக்காவது பதில் சொல்லுங்க. அடுத்த சீசனுக்கும் அதே சீட்டு வேணுமா வேண்டாமான்னு இன்னிக்கே கேட்டுல சொல்லியாகணும். நாம சொல்லலேன்னா வேற யாருக்காவது குடுத்துடுவாங்க. எனக்குப் பக்கத்துல எவனாவது வந்து உக்காந்து மேட்ச் பூரா போன்ல படம் பிடிச்சுக்கிட்டிருப்பான். அவன்கிட்ட நான் என்ன பேசறது?

— அவனும் ஒரு மனுஷன்தானே. பேசிப் பாரு.

— மாமா, நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இந்த வீட்டுக்கு நான் எதுக்கு வர்றேன்?

— இதென்ன கேள்வி?

— முன்னாடி அக்கா இருந்தா, வந்தேன். காரணமே வேண்டாம். இப்ப வேனை கீழ நிறுத்தும்போது ஒரு காரணம் தேட வேண்டியிருக்கு. மேட்ச் இருக்கு, மாமாவைக் கூட்டிட்டுப் போகணும், அதனால ஏறி வர்றேன். நீங்க நிரந்தரமா வரலேன்னுட்டா, நான் என்னன்னு சொல்லி இந்தப் படி ஏறுவேன்? அக்கா இல்லாத வீட்டுல, அக்கா வீட்டுக்காரருக்கு நான் யாரு?

— என்ன பேச்சு பேசற நீ.

— நிஜத்தைத்தான் பேசறேன். என் பொண்டாட்டியே கேக்கறா. 'இன்னுமா அங்க போய்ட்டு வர்றீங்க?'ன்னு. தப்பா கேக்கல, சும்மாதான் கேக்கறா. மேட்ச் இருக்குன்னு சொல்லிட்டுக் கிளம்பிடறேன்.

— அண்ணே, கதவு திறந்தே இருந்துச்சு... தப்பா நினைக்காதீங்க, மோட்டார் சாவி இருக்கா? மேல சொட்டுத் தண்ணி வரல.

— வாங்கம்மா. அந்த ஆணியில தொங்குது பாருங்க, எடுத்துக்கோங்க. மாப்ள, கொஞ்சம் நகரு, மாடிக்காரம்மாவுக்கு வழி விடு.

— தம்பி உங்க மச்சினரா? அண்ணி மூக்கு அப்படியே இருக்கு. தப்பா நினைக்காதீங்க தம்பி, ஒரு உதவி பண்ணுங்க. இவரை எப்படியாவது மேட்ச்சுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.

— அதுக்குத்தாங்க தொண்டைத்தண்ணி வத்தக் கெஞ்சிக்கிட்டிருக்கேன். நீங்களும் சொல்லுங்க.

— கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. மேட்ச் நாளானா எங்களால மேல இருக்க முடியல.

— ஏங்க, கூட்டம் அவ்ளோ சத்தமா?

— மைதானம் பின்னாடியே இருக்கறதால கூட்டத்தோட சத்தம் பழகிப்போச்சு தம்பி, இவரோட சத்தம்தான். சமையல்கட்டுல லைட்டைக்கூடப் போடாம, ஜன்னலைத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. பூனை மாதிரி இருப்பாரு. திடீர்னு 'கோல்'னு ஒரு கத்து! போன தடவை என் கையில இருந்த டம்ளர் கீழ போயிடுச்சு. டிவி ஓடுதான்னா அதுவும் இல்ல, ரேடியோவும் இல்ல. 'இல்ல, இல்ல, அது கம்பத்துல பட்டுச்சு'ன்னு யார்கிட்டயோ சொல்றாரு. எங்க வீட்டுக்காரர் பயந்துட்டாரு. தப்பா நினைக்காதீங்க அண்ணே.

— நினைக்கலம்மா. சாவி கிடைச்சுதா?

— கிடைச்சுது, கிடைச்சுது. தொட்டி நிறைஞ்சதும் கொண்டாந்து மாட்டிடறேன். வரேன் தம்பி.

— வாங்க... மாமா.

— அந்தம்மா கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாங்க. டம்ளர் எவர்சில்வர். உடையல.

— மாமா, என் முகத்தைப் பாருங்க. முதுகும் இல்ல, முழங்காலும் இல்ல. மேட்ச் மேல வெறுப்பும் இல்ல. இங்க உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கீங்க!

— மெதுவா பேசு.

— பக்கத்து சீட்டுல துண்டைப் போட்டு வச்சுக்கிட்டு, 'ஆள் வருது, ஆள் வருது'ன்னு ஊரோட சண்டை போட்டுக்கிட்டிருக்கேன் நான். மேட்ச் முடியற வரைக்கும் எங்காவது ஓரத்துல உங்க தலை தெரியுதான்னு படியைப் பாத்துக்கிட்டிருக்கேன். ஒரு கோலை ஒழுங்கா பாக்கல இந்த வருஷம். நீங்க இங்க ஜன்னல்ல உக்காந்து கத்திக்கிட்டிருக்கீங்க. அப்ப உங்களுக்கு மேட்ச் வேணும். நான்தான் வேண்டாம். நேரா சொல்லியிருக்கலாமே மாமா. நான் என்ன, ஓன்னு அழவா போறேன்?

— உக்காரு.

— வேன் நிக்குது.

— நிக்கட்டும். உக்காரு மாப்ள. அந்த ஸ்டூல்ல வேண்டாம், இதுல உக்காரு... உங்க அக்கா ஏன் அன்னிக்கு மேட்ச்லேருந்து பாதியில எழுந்து வந்தா, தெரியுமா?

— கூட்டம் பிடிக்கல.

— அப்படித்தான் உங்கிட்ட சொல்லி வச்சேன். படி இறங்கும்போது எங்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'இதைப் பார்த்தா ஒண்ணுமே புரியலங்க. வீட்டுலேருந்து கேட்டாத்தான் புரியுது'ன்னா.

— கேட்டாவா?

— அந்த ஜன்னலுக்கும் மைதானத்துச் சுவருக்கும் நடுவுல ஒரு சந்துதான். அவ ஜன்னலோரமா உக்காந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைச்சுக்கிட்டிருப்பா. கை பாட்டுக்கு வேலை செய்யும், காது அங்க இருக்கும். நான் வந்து கதவைத் தட்டுவேன். தொறந்ததும் என்னைப் பேச விட மாட்டா. 'ரெண்டு–ஒண்ணு. முதல்ல அவன்தான் போட்டான். நம்ம ரெண்டாவது கோல் கடைசி நேரத்துல. நடுவுல ஒரு பெனால்டி, அதை யாரோ வீணாக்கிட்டான்.' அவ்ளோதான், மேட்ச் முடிஞ்சுது.

— அக்காவா? நம்ம அக்காவா?

— ஊர்ல இருக்கற அத்தனை தையல் மெஷினையும் சத்தத்தை வச்சே எங்க தேஞ்சிருக்குன்னு சொல்றவன் நான். எனக்கே ஆச்சரியமா இருக்கும். எப்படிடின்னு கேப்பேன். நம்ம கோல்னா சத்தம் வெடிக்குமாம். கம்பத்துல பட்டா மேல ஏறிட்டு பாதியில தொங்குமாம். அவங்க கோல்னா தூரத்து மூலையிலேருந்து மட்டும், தகர டப்பாவுல கல்லு போட்டுக் குலுக்கின மாதிரி. பெனால்டின்னா சத்தமே இருக்காதாம், அடுப்புல பால் பொங்கறதுக்கு முன்னாடி மாதிரி. சோப்புன்னு அவனுக்குப் பேர் வச்சது யாருன்னு நினைச்ச?

— நீங்கதானே! நீங்கதானே ஸ்டாண்டுல கத்தி, அப்புறம் எல்லாரும் கத்தினாங்க.

— அவ. ஆளைப் பாத்ததே இல்ல. 'உங்க கோல்கீப்பர்கிட்ட பந்து வந்தாலே முதல்ல அப்பாடாங்கறீங்க, உடனே ஐயோங்கறீங்க. என்ன, கையில சோப்பா தடவிக்கிட்டு வர்றான்?'னு கேட்டா.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல.

— ஸ்பீக்கர் வந்தப்ப என்னைவிட அவளுக்குத்தான் கோபம். 'பாட்டைப் போட்டுட்டா நான் எதைக் கேக்கறது?'ன்னு கிளப்புக்குப் போய்ச் சண்டை போடச் சொன்னா. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் போறது? வீட்டுல ஒருத்தி ஜன்னல் வழியா கேக்கறா, பாட்டைக் குறைங்கன்னா?

— எப்பவுமே சரியா சொல்லிடுவாளா?

— எங்க? பாதிக்குப் பாதி தப்பு. அதுலதான் சண்டையே. ஒரு நாள் முகமெல்லாம் பல்லா கதவைத் தொறக்கறா. 'நாலு–ஒண்ணு! பின்னிட்டாங்க!'ங்கறா. அன்னிக்கு மேட்ச் ஜீரோ–ஜீரோ.

— ஜீரோ–ஜீரோவுக்கு எதுக்கு... ஐயோ. மாமா, நாய்!

— நாய்தான். ரெண்டாவது பாதியில உள்ள ஓடி வந்துச்சே. லைன்ஸ்மேன், ரெஃபரி, போலீஸ்காரர்னு ஆளாளுக்குத் துரத்தினாங்க. அது ஒவ்வொருத்தரா ஏமாத்த ஏமாத்த நாம உயிர் போற மாதிரி கத்துனோம்ல? அது நாலும் கோல்.

— நாய் நாலு கோல் போட்டிருக்கு! அப்ப அந்த ஒண்ணு?

— கடைசில ரெஃபரி அதைப் பிடிச்சுட்டாருல்ல. அதுக்கு வெளியூர்க்காரங்க கை தட்டுனாங்க.

— ஐயோ மாமா... வயிறு வலிக்குது.

— நான் நாய்னு சொன்னா நம்பவே மாட்டேங்கறா. 'நீங்க பாத்தீங்க, கேக்கலையே'ன்னா. ராத்திரி சாப்பாடு வரைக்கும் அதே பேச்சு. மைதானத்துக்குப் போய்ட்டு வந்தவன்கிட்ட, வீட்டுல இருந்தவ சொல்றா.

— அவதான். அப்படியே அவதான்.

— நீ மேட்ச் முடிஞ்சதும் கேட்டுலேயே கையாட்டிட்டு வேனை எடுத்துட்டுப் போயிடுவ. மேட்ச்சுக்கு முன்னாடிதான் இந்த வீடு உனக்குத் தெரியும். முடிஞ்சப்புறம் இந்த வீடு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்ல. எங்க ரெண்டு பேருக்குள்ள ஒரு விளையாட்டு அது.

— அப்ப அவ போனப்புறம்?

— அவ போனப்புறம் முதல் மேட்ச்சுக்கு உன்கூட வந்தேன்ல? ஜெயிச்சோம். ஏணி தலையால ஒண்ணு போட்டான். நல்ல கோல். படி ஏறி வந்து, கதவை நானே தொறந்துக்கிட்டு நின்னேன். செருப்பைக்கூடக் கழட்டல. ஸ்கோர் தொண்டையில நிக்குது. யாராவது தப்பா ஒண்ணு சொன்னாத்தானே மாப்ள நான் சரியா சொல்ல முடியும்?

— எங்கிட்ட சொல்லியிருக்கலாம் மாமா.

— உங்கிட்ட என்ன சொல்றது? நீதான் பக்கத்துல உக்காந்து பாத்தியே. அடுத்த மேட்ச்சுக்கும் வந்தேன். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுப் பாத்தேன். அங்க ஒண்ணும் கேக்காது. சத்தத்துக்குள்ளயே உக்காந்திருக்கோம், எப்படிக் கேக்கும்? அப்பதான் முதுகு வலிக்க ஆரம்பிச்சுது.

— முதுகு.

— அவ ஸ்டூல்லதான் உக்காந்து கேக்கறேன். கஷ்டமா இருக்கு. எனக்கு இந்த வித்தை வரல. போன மேட்ச் ரெண்டு–ஒண்ணுன்னு முடிச்சு வச்சேன். மறுநாள் பேப்பரைப் பாத்தா மூணு–ஒண்ணு.

— அவங்க மூணாவது கோல் சுத்த ஆஃப்சைடு. கொடியே தூக்கல லைன்ஸ்மேன். கூட்டத்துக்கே புரியல, யாரும் கத்தல.

— அப்படியா? அதான் எனக்குக் கேக்கல. பேப்பர்ல இதெல்லாம் போட மாட்டான்... ஷ். இரு.

— என்ன?

— பந்தைச் சும்மா உதைச்சுப் பழகறாங்க. இப்ப ஒண்ணு கம்பத்துல பட்டுச்சு. கேட்டுதா?

— இல்லையே.

— எனக்கும் முதல்ல கேக்கல. நீ கிளம்பு, ஆரம்பிச்சுடப் போறாங்க.

— அப்ப உங்க சீட்டு?

— விட்டுடு. அந்தப் போன்காரன் வந்து உக்காரட்டும். உன்னோடத மட்டும் எழுதிக்கோ, அதை விட்டுடாத.

— ஒத்தை ஆளா அங்க உக்காந்து நான் என்ன மாமா பண்ணப்போறேன்? எனக்கு மட்டும் ஆசை பொங்கி வழியுதா? உங்களைக் கூட்டிட்டுப் போறதுதான் என் மேட்ச்சே. நீங்க இல்லாம நான் எதைப் போய்ப் பாக்கறது?

— எல்லாத்தையும் பாரு. படியைப் பாக்காத, பந்தைப் பாரு. யாரு அடிச்சான், எந்தக் காலால அடிச்சான், கொடி தூக்கினானா, சோப்பு கையில நின்னுதா, ஏதாவது நாய் உள்ள வந்துச்சான்னு ஒண்ணு விடாம பாரு.

— பாத்துட்டு?

— வேனை எடுக்காம நேரா இங்க ஏறி வா. நான் கதவைத் தொறந்ததும் நீ வாயத் தொறக்காத மாப்ள. என்ன ஆச்சுன்னு முதல்ல நான் சொல்றேன், அதுல எதெல்லாம் தப்புன்னு நீ சொல்லு.